வீட்டு கம்ப்யூட்டர் ஹேங் ஆனபோது உங்களுக்கு என்ன நடந்தது?

பெரம்பூர் வாசகி:
போன மாதம் நடந்தது இன்னும் மனதை அரிக்கிறது. அப்பாவின் வீட்டுப் பத்திர விவரங்களை எல்லாம் வேர்டில் டைப் செய்து சேவ் கொடுத்தேன். திரை வெளுத்து, மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' வந்து நின்றது. பிரிண்டர் பார்க்க வந்திருந்த சர்வீஸ் பையன், "இதெல்லாம் இப்படித்தான்க்கா, ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே சுவர் சுவிட்சை அணைத்துவிட்டார். சிபியு முகப்பில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு அந்த நொடி வரை விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. ஹார்டு டிஸ்கில் ஏதோ வேலை நடக்கிறது என்றுதானே அர்த்தம்? மறுபடி போட்டதும் அந்த ஃபைல் திறக்கவே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?

குரோம்பேட்டை:
அந்தப் பையனை மட்டும் குறை சொல்லாதீர்கள் அம்மா, கடைகளில் அப்படித்தான் பழக்கிவிடுகிறார்கள். ஒரு புரோகிராம் 5 விநாடி பதில் தராவிட்டாலே விண்டோஸ் 'நாட் ரெஸ்பாண்டிங்' போட்டுவிடும். எங்கள் வீட்டில் மகளின் பரீட்சை விண்ணப்பத்துக்குப் போட்டோவைச் சின்னதாக்கும்போது இப்படி நின்றது. டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் தானாகவே சரியாகிவிட்டது. என் கதை அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறினால் பெரும்பாலும் மெஷினுக்கு ஒன்றுமில்லை, நின்றது அந்த ஒரு புரோகிராம்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியல், வரும். உடனே எண்ட் டாஸ்க் கொடுத்து புரோகிராமை வலுக்கட்டாயமாக மூடாதீர்கள்! சிபியு, டிஸ்க் பத்திகளில் எண் ஓடினால் வேலை நடக்கிறது, பொறுங்கள். திரையின் கீழே இருக்கும் டாஸ்க்பார் மட்டும் உறைந்திருந்தால், அதே பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். திரை மட்டும் கறுத்துப்போனால் விண்டோஸ் பட்டனோடு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி எழுத்து மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதெல்லாம் கடைசி வழி.

வேளச்சேரி:
எண் ஓடினால் பொறுக்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் சார். புரோகிராம் ஒரே இடத்தில் சிக்கிச் சுற்றினாலும் சிபியு எண் ஓடத்தான் செய்யும். எங்கள் வீட்டில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றது. மணிக்கணக்காகப் பொறுத்தோம். கேபினெட்டில் காதை வைத்தால் உள்ளே டக்... டக்... என்று சத்தம். கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே, "விலை அப்புறம் பேசலாம் சார், டிஸ்க் போறதுக்குள்ள முதல்ல காப்பி எடுத்துடுவோம்" என்றார். அந்த மனுஷனை மறக்க முடியாது. குழந்தையின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அப்புறம்தான் சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாற்றினோம்.

பெரம்பூர் அக்கா, வேர்டு 10 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே ஒரு நகல் எடுத்து வைக்கும், நீங்கள் அந்த அமைப்பை மாற்றாமல் இருந்தால். ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமெண்ட், ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமெண்ட்ஸ் என்று போய்ப் பாருங்கள். அதுவரை அந்தக் கெட்டுப்போன ஃபைலின் மேல் வேறு எதையும் சேவ் செய்துவிடாதீர்கள்.