மீன் பொரித்த கேஸ் அடுப்பில் ஏறிய பிசுக்கு

கேள்வி (கீழக்கரை): தினமும் மீன் பொரிப்பதால் ஸ்டீல் மேல்தட்டு, பர்னர் எல்லாம் ஒரே பிசுக்கு. நெடி அடிக்கிற ஸ்ப்ரே வேண்டாம். சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து தேய்த்தேன், நுரைத்ததோடு சரி.

பதில்: கலந்தால் ஒன்றையொன்று முறித்துவிடும், அதான். ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறட்டும். 3 ஸ்பூன் சோடாவுக்கு 1 ஸ்பூன் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தட்டில் பூசுங்கள். காய்ந்தால் வேலை நின்றுவிடும். மேலே ஈரத்துணி போட்டு 30 நிமிடம் விட்டு, தேங்காய் நாரால் தேயுங்கள். வினிகர் கடைசியில், வெள்ளைப் படிவைத் துடைக்க மட்டும்.

பதில்: பித்தளை பர்னருக்குப் புளிதான். எலுமிச்சை அளவு எடுத்து அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து, கழற்றிய மூடியை மட்டும் 30 நிமிடம் ஊறப்போடுங்கள். அலுமினியப் பாகத்தில் சோடா படவேண்டாம், கறுத்துவிடும்.

பதில்: நம்ம பக்கத்து உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரையாகப் படியும். கடைசி அலசலுக்கு ஒரு சொம்பு குடிதண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கடல்காற்றுக்கு ஈர இரும்புத் தாங்கி சீக்கிரம் துருப்பிடிக்கும். உடனே துடைத்து வெயிலில் வையுங்கள். பர்னர் ஈரமாக இருந்தால் சுடர் தடுமாறும்.

கேட்டவர்: துளையைத் தீக்குச்சியால் குத்தலாமா?

பதில்: வேண்டாங்க, நுனி ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும். ஊசி எடுங்கள்.