வேன் ஓட்ட பேட்ஜ் வேணுமா? அவசரம்

திங்கள்நகர்_பையன்
அண்ணன்மாரே, எனக்க மாமா ஒரு வேன் எடுத்திருக்காவ. வெள்ளிக்கிழமை ஓட்டம் இருக்கு, டிரைவர் வரமாட்டேன்னுட்டான். என்னைய ஓட்டச் சொல்லுதாவ. எனக்கு கார் லைசன்ஸ்தான், வாடகை வண்டி டிரைவர் குத்துற பேட்ஜ் கிடையாது. பேட்ஜ் இல்லாம எங்கயாவது இடிச்சா அஞ்சு பைசா வராதுன்னு இன்சூரன்ஸ் போட்டுத் தந்த ஆளு பயமுறுத்துகாரு. ஓட்டலாமா கூடாதா? சீக்கிரம் சொல்லுங்க.

வடசேரி_வளைவு
என்ன வேன் தம்பி? ஆம்னியும் வேன்தான், டாடா 407-உம் வேன்தான். ஆளா, லோடா? மஞ்ச போர்டு வாடகை வண்டியா, வெள்ளை போர்டு சொந்த வண்டியா?

குளச்சல்_லோடு
தாராளமா ஓட்டு மக்கா. நான் பொலேரோ பிக்கப்ல மீன் லோடு அடிக்கேன், சாதா எல்எம்வி, அதாவது கார் மாதிரி லைட் வண்டி ஓட்டுற லைசன்ஸ்தான். செக்கிங்ல பேட்ஜ் எங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. ஐஸ் தண்ணி ஏன் ரோட்டுல ஒழுகுதுன்னுதான் கேப்பாவ.

தக்கலை_பழைய_டிரைவர்
குளச்சல், அது உன் அதிர்ஷ்டம். தம்பி, லைசன்ஸ்ல டிரான்ஸ்போர்ட்டுன்னு ஏறாம மஞ்ச போர்டுல கை வைக்காத. நாங்க அதுக்குத் தனியா எழுதி வாங்கி, பேட்ஜ் குத்திக்கிட்டுதான் ஸ்டியரிங் பிடிச்சோம். இன்சூரன்ஸ்காரன் சொல்லுகது சரி.

சட்டப்பொட்டலம்
இதே கேள்வி இங்க வாரம் ஒருதரம் வருது, தேடிப் பாக்க மட்டும் யாருக்கும் நேரம் இல்ல. சரி, இன்னொருதரம் சொல்லுகேன், நல்லா வாசிங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல எல்எம்வின்னா என்னன்னு எழுதியிருக்கு. டிரான்ஸ்போர்ட் வண்டியா இருந்தாலும் மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல போகாட்டி அது எல்எம்விதான். அதுக்குத் தனியா டிரான்ஸ்போர்ட் முத்திரை வேண்டாம்னு உச்ச நீதிமன்றம் 2017-லயே சொல்லியாச்சு. இன்சூரன்ஸ் கம்பெனிங்க விடல. கடைசியில 5 நீதிபதிகள் அமர்வு, 2024 நவம்பர் 6-ம் தேதி, அதையே உறுதி பண்ணிட்டு. டிரான்ஸ்போர்ட் வண்டிக்குன்னு சட்டத்துல இருக்க கூடுதல் தகுதியெல்லாம் 7,500-க்கு மேல போற மீடியம், ஹெவி வண்டிக்குத்தான். இ-ரிக்‌ஷா, ஆபத்தான சரக்கு ஏத்துற வண்டி, இதுக்கெல்லாம் விதி தனி. பழைய டிரைவர் அண்ணாச்சி சொல்லுகது பழைய கதை.

வடசேரி_வளைவு
ஒரு திருத்தம். 7,500ங்கிறது வெறும் வண்டி எடை இல்ல, லோடும் ஆளும் ஏறின மொத்த எடை. ஆர்சியில லேடன் வெயிட்டுன்னு போட்டிருக்கும், அதைப் பாரு. வெறும் எடையைப் பாக்குறது சொந்தக் காரு, டிராக்டர் மாதிரி வண்டிக்குத்தான். பலபேரு இதுலதான் குழம்புகாவ.

தக்கலை_பழைய_டிரைவர்
லைசன்ஸ் வேற, பேட்ஜ் வேற வேய். பேட்ஜ் மாநில விதியில வருது. வாடகைக்கு ஆள் ஏத்துற வண்டின்னா ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடட்டும்னுதான் சொல்லுகேன். டெல்லி தீர்ப்பை நடுரோட்டுல நின்னு யாரு வாசிச்சுக் காட்டப் போறா?

திங்கள்நகர்_பையன்
டிராவலர் அண்ணா. மஞ்ச போர்டு. ஆர்சியில 13 சீட். கல்யாண ஓட்டம், பொண்ணு வீடு பாறசாலை.

குளச்சல்_லோடு
ஆள் வண்டியா! முதல்லயே சொல்லப்பிடாதா? நான் மீனையே நினைச்சு பேசிட்டு கிடக்கேன்.

மார்த்தாண்டம்75
13 சீட்டுன்னா மேக்ஸி கேப்ல நிக்காதே. 12 தான கணக்கு?

சட்டப்பொட்டலம்
12ங்கிறது டிரைவரை விட்டுட்டு. ஆறுக்கு மேல, 12 வரைக்கும் பயணிகள்னா மேக்ஸி கேப். ஆர்சியில டிரைவரையும் சேத்து 13. சட்டத்தை முழுசா வாசிச்சா இந்தக் கேள்வியே வராது. அந்த அளவு டிராவலர் 7,500 பக்கத்துலயே போகாது.

மார்த்தாண்டம்75
கேட்டது தப்பா சாமி. போகட்டும், பாறசாலைன்னா களியக்காவிளை தாண்டணும்லா? பெர்மிட்டு என்ன? தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் உள்ள பெர்மிட்டுன்னா கேரளத்துக்குத் தனியா ஸ்பெஷல் பெர்மிட் போடணும். ஆல் இந்தியா டூரிஸ்ட் பெர்மிட்டுன்னா வேற.

குளச்சல்_லோடு
ரெண்டு கிலோமீட்டருக்கு ஸ்பெஷல் பெர்மிட்டாம். அந்தப் பக்கத்து வெள்ளை போர்டு வண்டியெல்லாம் மார்த்தாண்டம் ஜவுளிக்கடைக்கு ஆள் ஏத்திட்டு வருதே, அதை யாரு கேக்கா?

மார்த்தாண்டம்75
இங்க இருந்து போற வெள்ளை போர்டு ஆம்னி மட்டும் என்னவாம்? நாகர்கோவில்ல நின்னு பாரு, பாதி கல்யாண ஓட்டம் வெள்ளை போர்டுதான். மஞ்ச போர்டு எடுத்து டாக்ஸ் கட்டுகவன் மடையன்.

குளச்சல்_லோடு
அது நாட்டு நடப்பு. மூணு டன்னுக்குள்ள சரக்கு வண்டின்னா பெர்மிட்டே வேண்டாம், நிம்மதி. எல்லாரும் மீன் ஓட்ட வாங்க.

தக்கலை_பழைய_டிரைவர்
வெள்ளை போர்டுல வாடகைக்கு ஆள் ஏத்தி அடிபட்டா என்ன ஆகும்னு நான் பாத்திருக்கேன். அடிபட்டவனுக்கு கம்பெனி கோர்ட்டு சொல்லிக் குடுக்கும், பிறகு அந்த ரூவாய வண்டிக்காரன்கிட்ட வசூல் பண்ண வரும். வீடு போயிரும் பாத்துக்க.

வடசேரி_வளைவு
எல்லாரும் செத்த நில்லுங்க. தம்பி, உன் லைசன்ஸ் கார்டுல என்ன வகை போட்டிருக்கு? தேதி எதுவரைக்கும்? அதை இதுவரைக்கும் நீ சொல்லல.

திங்கள்நகர்_பையன்
கார்டு இன்னும் வரல அண்ணா. டெஸ்ட் அடுத்த மாசம். இப்பம் எல்எல்ஆர், ஓட்டிப் பழகுக லைசன்ஸ் பேப்பர் இருக்கு. ஆனா நல்லா ஓட்டுவேன்.

வடசேரி_வளைவு
ஐயோ.

குளச்சல்_லோடு
எல்எல்ஆரா? நீ கார் லைசன்ஸ் இருக்குன்னுல்லா எழுதினே!

சட்டப்பொட்டலம்
எல் போர்டு மாட்டி, பக்கத்துல லைசன்ஸ் உள்ளவன் இருந்து சொல்லித் தந்தாத்தான் எல்எல்ஆர்ல ஓட்டலாம். ஆளை ஏத்திட்டு எல்எல்ஆர்காரன் ஓட்டினா செல்லாதுன்னு கமர்ஷியல் பாலிசியோட டிரைவர் ஷரத்துலயே இருக்கும். 13 சீட்டுல கல்யாண வீட்டுக்காரங்க. நான் மெனக்கெட்டு தீர்ப்பெல்லாம் எழுதினேன்.

தக்கலை_பழைய_டிரைவர்
மாமா நம்பரை எனக்கு உள்பெட்டியில அனுப்பு தம்பி. வெள்ளிக்கிழமை நான் சும்மாதான் இருக்கேன். பேட்ஜ் உண்டு.

திங்கள்நகர்_பையன்
மாமாகிட்ட சொல்லிட்டேன். திட்டினாவ. நம்பர் அனுப்பியிருக்கேன், பாருங்க.

மார்த்தாண்டம்75
அண்ணாச்சி, பாறசாலைக்கு பெர்மிட்டு பாத்துட்டு ஏறுங்க. குளச்சல், அந்தப் பக்கத்து வண்டியப் பத்தி நீ சொன்னதுக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கல.