தற்காலிக மின்னஞ்சல் பெட்டியை நம்பிச் சோதனை எழுதலாமா?

கல்லடி:
மட்டக்களப்பில் ஒரு தனியார் வகுப்புக்கு மாணவர் பதிவுத் தளம் செய்கிறோம். படிவத்தை நிரப்பியதும் மின்னஞ்சலில் ஆறு இலக்கக் குறியீடு வரும். அதைக் கொடுத்தால்தான் கணக்குத் திறக்கும். இதைத் தானாகச் சோதிப்பதற்குக் குழுவில் ஒருவர் பைதன் மொழிக்கான லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்றைச் சேர்த்தார். அது தற்காலிக மின்னஞ்சல் சேவை ஒன்றில் முகவரியை உருவாக்கி, சில விநாடிகளுக்கு ஒருமுறை பெட்டியைப் பார்த்து, வந்த கடிதத்திலிருந்து குறியீட்டைப் பிரித்துத் தருகிறது. பத்து வரியில் வேலை முடிகிறது. ஆனாலும் அதை நீக்க வேண்டும் என்கிறேன். 2003இல் தொடங்கிய மெயிலினேட்டரைப் போன்ற சேவைகளின் பொதுப் பெட்டிக்குக் கடவுச்சொல்லே கிடையாது. முகவரியை ஊகிப்பவர் எவரும் வாசிக்கலாம். சென்ற மாதம் கவனக்குறைவாக உண்மையான மாணவர் பட்டியலில் ஒரு பகுதியைச் சோதனைக்குள் ஏற்றிவிட்டோம். பிள்ளைகளின் பெயர்களும் பெற்றோரின் அடையாள அட்டை இலக்கங்களும் அப்படிப்பட்ட பெட்டிகளுக்குப் போயின. திரும்ப எடுக்க வழி இருக்கவில்லை.

கல்முனை:
தம்பி, பிழை தரவை ஏற்றியவரிடம் இருக்கிறது, லைப்ரரியிடம் இல்லை. எல்லாச் சேவைகளும் திறந்த வீடும் அல்ல. மெயில்.டிஎம் என்ற சேவையில் கடவுச்சொல்லோடு கணக்கு உருவாக்கி, டோக்கன் (நுழைவு அனுமதிக் குறியீடு) பெற்ற பிறகுதான் கடிதத்தை வாசிக்க முடியும். இதற்கு மாற்றாக நீங்கள் மெயில்பிட்டைச் சொல்வீர்கள்: உங்கள் கணினியிலேயே 1025ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) கடிதத்தைப் பிடித்து, 8025இல் உலாவியில் காட்டும். நல்ல கருவிதான், ஆனால் அந்தக் கடிதம் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. நான் செய்த ஒரு கடைத் தளத்தில் என் கணினியில் ஓடிய சோதனை எல்லாம் வெற்றி என்று பச்சையாகக் காட்டியது. திறந்த அன்று ஒரு வாடிக்கையாளருக்கும் கடிதம் போகவில்லை, ஏனெனில் அனுப்பும் சேர்வருக்கான கடவுச்சொல் பிழையாக இருந்தது. வெளியே உள்ள ஒரு பெட்டிக்கு அனுப்பிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அக்கரைப்பற்று:
கல்முனை நானா சொன்ன பிழையை வெளியே உள்ள பெட்டி பிடிக்கும். ஆனால் எஸ்பிஎஃப், டிகிம் (கடிதம் உண்மையில் அந்த டொமைனிலிருந்து, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரிலிருந்து, வந்ததா என்று காட்டும் அமைப்புகள்) பிழைகளையும் பிடிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. யார் அனுப்பினாலும் வாங்கிக்கொள்வதே தற்காலிகப் பெட்டியின் தொழில், ஜிமெயில் அப்படியல்ல. தற்காலிகப் பெட்டிக்கு வந்துசேர்ந்த கடிதம் பெற்றோரின் பெட்டிக்கும் வந்துசேரும் என்பதற்கு அது சான்றாகாது. இன்னொன்று, இந்தச் சேவைகளின் டொமைன்களைப் பல தளங்கள் தடுத்து வைத்திருக்கின்றன. நாளை நீங்களும் போலிப் பதிவுகளைத் தடுக்க அதையே செய்வீர்கள், அப்போது உங்கள் சோதனைக்காகவே வேலியில் ஓட்டை விட வேண்டி வரும். அடிக்கடி பெட்டியைப் பார்த்தால் சேவை 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) என்று திருப்பி அனுப்பும். உங்கள் நிரல் சரியாக இருந்தும் சோதனை தோற்கும். சொந்த டொமைனில் சோதனைக்கென்று ஒரு துணை டொமைன் வைத்து, அதற்கு வரும் எல்லாக் கடிதமும் ஒரே பெட்டியில் விழும்படி செய்து, பைதனோடு கூடவே வரும், மின்னஞ்சல் பெட்டியை வாசிக்கும் ஐமேப்லிப் கொண்டு வாசியுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிய முகவரியும் கிடைக்கும், பெட்டியும் உங்களுடையதாக இருக்கும்.

கல்முனை:
டொமைன் வாங்கிப் பழக்கமில்லாத மாணவருக்கு அது பெரிய படி. அம்பாறையில் நான் கற்பிக்கும் பிள்ளைகள் ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு சேவையோடு பேசும் வழி) என்றால் என்னவென்று விளங்கிக்கொண்டதே இந்த லைப்ரரியால்தான்: முகவரி கேட்பது, டோக்கன் பெறுவது, காத்திருப்பது, வாசிப்பது எல்லாம் ஒரு மாலையில் கைக்கு வந்துவிடுகிறது. அதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்புத் தளத்திலும் கற்பனைப் பெயர்களோடு இரவில் ஒருமுறை ஓடும் சோதனைக்கு விட்டுவைக்கலாம்.

கல்லடி:
கற்பதற்கு என்றால் எனக்கும் மறுப்பில்லை, நானா. இரவுச் சோதனையைத்தான் ஏற்க முடியவில்லை. கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அதே பெட்டிக்குத்தான் வரும். பெட்டியை வாசிப்பவர் கணக்கையே எடுத்துக்கொள்வார். எங்கள் சோதனைக் கணக்குகளில் ஒன்றுக்கு ஆசிரியர் உரிமை இருக்கிறது, மாணவர் பட்டியல் முழுவதும் அதில் தெரியும்.

கல்முனை:
அப்படியென்றால் முதலில் அந்தக் கணக்கை மூடுங்கள், தம்பி. இரவுச் சோதனையைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.