கேஎல் (கோலாலம்பூர்) வந்த புதுசு: பெர்மிட் இல்லாத அக்காவை வீட்டு வேலைக்கு வைக்கலாமா?

தம்பி, நீங்க கேட்டிருப்பது ரெண்டு கேள்வி. காண்டோவில் வீடு கூட்ட வரும் இந்தோனேசிய அக்காவுக்கு பெர்மிட் இல்லையாம், வைச்சுக்கலாமா என்பது ஒண்ணு. "இந்தோன், பங்ளா எவனையும் கிட்ட சேர்க்காதே" என்று பக்கத்து வீட்டு அங்கிள் சொன்னது சரியா என்பது இன்னொண்ணு.

முதல் கேள்விக்கு, வேண்டாம். மலேசியக் குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவில், பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைச்சா ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது ரெண்டும். சட்டவிரோதமா நுழைஞ்சவங்கன்னு பிடிபட்டால் அந்த அக்காவுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது ரெண்டும். ஆம்பளையா இருந்தா ஆறு பிரம்படி வரைக்கும் சேரும்.

அங்கிள் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. "இந்தோன்" என்பதை இந்தோனேசியர்கள் வசவாகத்தான் எடுத்துக்குவாங்க, உங்க வாயில் வரவேண்டாம். ஆனா அவர்கிட்ட வாதத்துக்கும் போகாதீங்க. இங்கத்திய ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த தமிழர் தலைமுறையா இருந்தா, காண்ட்ராக்டில் வந்த இந்தோனேசியக் கூலிகளால் தோட்டச் சம்பளம் எப்படி அடிபட்டதுன்னு கண்ணால பார்த்திருப்பார். இங்கேயே பிறந்து, கையில் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியோட (அடையாள அட்டை) குடியுரிமைக்கு அலையும் தமிழர் இன்னும் இருக்காங்க. சபா மாநிலத்தில் வெளியாட்களுக்கு ஐசி கிடைச்சது பற்றி அரச விசாரணை ஆணையமே உட்கார்ந்தது. அந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. நேத்து பிளேன் ஏறி வந்த நமக்கு அது இல்லை. அதை நாம கடன் வாங்குவதுதான் எனக்குச் சகிக்காது.

ஏன்னா அதே கூண்டில் நம்மாளும் இருக்கான். இங்கே பேப்பர் இல்லாதவனை "கோசோங்" என்பாங்க, காலி என்று அர்த்தம். எத்தனை தமிழ்நாட்டுப் பையன்கள் கோசோங்காகிச் சாப்பாட்டுக் கடைகளில் மறைஞ்சு நிக்கிறாங்கன்னு கொஞ்ச நாளில் தெரிஞ்சுக்குவீங்க. 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு 30 நாள் விசா இல்லாமல் வரலாம். வேலை பார்க்க அனுமதியில்லாத அந்தச் சோஷியல் பாஸில் ஆளை இறக்கி, "வந்ததும் பெர்மிட் போட்டுத் தர்றேன்" என்று பணம் வாங்கும் ஏஜென்ட்டுகள் நம்ம ஊர்க்காரங்களேதான்.

முறையா வந்தவனும் கோசோங் ஆகலாம். பெர்மிட் ஒரே முதலாளியோட கட்டிப்போட்டது. புதுப்பிக்க வேண்டியது முதலாளி. அவர் விட்டுட்டா, தொழிலாளி தூங்கி எழும்போது கள்ளக் குடியேறி. சம்பளம் வரலைன்னு வேற இடம் போனா "லாரி", அதாவது ஓடிப்போனவன் என்று புகார். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம்தான், ஆனாலும் நடக்குது. அப்புறம் நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு பெமுத்திஹான், அதாவது பேப்பர் இல்லாதவங்களுக்குப் பேப்பர் போட்டுத் தரும் "வெளுப்பாக்கும்" திட்டம் வரும். 2011இல் 6பி, 2016இல் ரீஹைரிங், 2020இல் ரெகாலிப்ராசி. பேரை மாத்துவாங்க, வரிசையில் நிக்கிற முகங்கள் அதேதான்.

மியான்மார்காரங்க கதை வேற. மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடலை. அங்கிருந்து தப்பி வந்த ரோஹிங்யா முஸ்லிம் கையில் இருக்கும் ஐநா அட்டை அவனை வேலை பார்க்க அனுமதிக்காது. சொந்த நாட்டிலும் 1982 சட்டம் அவங்க குடியுரிமையைப் பறிச்சாச்சு. அதே அட்டையை வைச்சுக்கிட்டு இலங்கைத் தமிழரும் இங்கே இருக்காங்க, ஞாபகம் வைச்சுக்குங்க.

என் கதையையும் சொல்றேன். வந்த மூணாம் மாசம், எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வாசலில் ஓப்பராசி, அதாவது குடிநுழைவுச் சோதனை. பாஸ்போர்ட்டை வீட்டில் வைச்சுட்டு வந்தது என் தப்பு. போனில் இருந்த போட்டோ செல்லாதுன்னுட்டாங்க. தரையில் வரிசையா உட்கார வைச்சாங்க. இந்தப் பக்கம் பங்ளாதேஷ்காரர், அந்தப் பக்கம் சிமென்ட் ஒட்டின கையோட ஒரு ஜாவாக்காரர். கழுத்தில் கிடந்த ஐடி கம்பெனி அட்டையை எடுத்து முன்னால தொங்கவிட்டேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. ஜாவாக்காரர்தான் பார்த்துச் சிரிச்சிட்டுத் தண்ணி பாட்டிலை நீட்டினார். ஒன்றரை மணி நேரம் கழிச்சு ரூம்மேட் பாஸ்போர்ட்டோட வந்தான், நான் எழுந்து போனேன். ஜாவாக்காரர் குடிநுழைவு லாரியில் ஏறினார்.

2020 மே 1ஆம் தேதி, கொரோனா ஊரடங்கு நடுவில் கேஎல் மஸ்ஜித் இந்தியா பக்கம் அடுக்குமாடிகளில் நடந்த சோதனையில் நூற்றுக்கணக்கானவங்களைப் பிடிச்சாங்களே, அதிலும் இந்தியர் இருந்தாங்க.

சரி, உங்க வீட்டுக்கு வருவோம். முறையான ஆட்களை அனுப்பும் கிளீனிங் கம்பெனி நிறைய இருக்கு, பெர்மிட்டைக் கேட்டுப் பார்த்துட்டு வைங்க. அந்த அக்காவை எங்கேயும் போட்டுக் கொடுக்க வேண்டாம். ஏற்கனவே ரெண்டு வாரம் வேலை பார்த்தாங்கன்னு எழுதியிருக்கீங்க, அந்தக் காசை இன்னிக்கே கையில் கொடுத்துடுங்க.