புதுப்பிப்பு: டொரொன்டோ குளிரில் சைக்கிள், மரத்துப்போகும் கால்விரல்கள்

மைனஸ் 8 டிகிரியில் ஏரிக்கரைப் பாதையில் ஓட்டினால் அரை மணியில் கால்விரல் மரத்துப்போகிறது, வீடு திரும்பினால் இருமல் நிற்பதில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "ஒரு காலுறையைக் கழற்றிவிடுங்கள்" என்ற யோசனைதான். இரட்டைக் காலுறையால் ஷூ இறுகி ரத்த ஓட்டமே குறைந்திருக்கிறது. இப்போது ஒரு சைஸ் பெரிய ஷூ, ஒரே கம்பளிக் காலுறை. ஒரு மணி நேரம் தாங்குகிறது. (சூடேற்றும் பட்டை வாங்கிய காசு தண்டம்.) வாயையும் மூக்கையும் துணியால் மூடியதில் இருமல் பாதியாகிவிட்டது. அப்புறம், வாரம் 5 நாள் ஓட்டியதை 3 நாளாகக் குறைத்தேன்; தூக்கம் நன்றாக வருகிறது.

எதிர்பாராதது ஒன்று: வீட்டுக்குள் வைத்திருந்த சைக்கிளை வெளியே எடுத்ததும் கியர் கேபிள் நகரவில்லை. உருகிய பனி கேபிளின் மேலுறைக்குள் இறங்கி மறுபடி உறைந்திருந்தது. காயவைத்து, எண்ணெய் விட்டு, பால்கனிக்கு மாற்றிவிட்டேன்.