ஏழாவது மாடியில் ஆறடிப் பவளத் தொட்டி: வைக்கலாமா, கூடாதா?

ஏழாம்மாடி (ஹொரமாவு, பெங்களூர்)

வணக்கம். 11 வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். அடுத்து கடல்நீர்த் தொட்டி என்று முடிவு செய்து ஒரு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். திட்டம் இதுதான்: ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். மேல்விளிம்பில் சட்டமோ குறுக்குக் கண்ணாடியோ இல்லாத ரிம்லெஸ் தொட்டி. 19 மி.மீ. கண்ணாடி, பச்சை அடிக்காத வகை. கீழே சம்ப் (தண்ணீர் இறங்கிச் சுத்தமாகி மேலேறும் துணைத் தொட்டி), அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர், தேவைப்பட்டால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். இடம் பால்கனிப் பக்கம். உள்ளே மான்கொம்புப் பவளம், அதற்குக் கால்சியம் கிடைக்க இரவில் சுண்ணாம்புத் தெளிநீர் சொட்டுகிற ஏற்பாடு.

ஏன் ரிம்லெஸ் என்று கேட்பீர்கள். மேலே எதுவும் மறைக்காமல் குனிந்து பார்த்தால் பாறைக் குட்டைக்குள் பார்ப்பது போலவே இருக்கிறது. ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் பாதிப் பேர் கூடாது என்கிறார்கள். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்ளத் தயார்.

கட்டடக்கணக்கு (மல்லேஸ்வரம்)

நான் ஸ்ட்ரக்சுரல் வேலை பார்ப்பவன். முதலில் எடை. கண்ணாடித் தடிமனையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் உள்ளே 560 லிட்டர் தண்ணீர் நிற்கும். கடல்நீர் என்பதால் 575 கிலோ. கண்ணாடி மட்டும் 190 கிலோ. பாறை, மணல், ஸ்டாண்ட், சம்ப் எல்லாம் சேர்ந்தால் 1,100 கிலோவைத் தொடும். அத்தனையும் 12 சதுர அடியில் நிற்கிறது.

குடியிருப்பு வீட்டுத் தளத்துக்குக் கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. உங்கள் தொட்டி நிற்கிற இடத்தில் சதுர மீட்டருக்கு 1,000 கிலோ. ஐந்து மடங்கு. இதைச் சொன்னவுடன் தளம் இடிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அந்த 200 கிலோ அறை முழுவதற்கும் பரவலாகப் போடும் கணக்கு. 12 சதுர மீட்டர் ஹால் என்றால் மொத்தம் 2,400 கிலோ. ஆனால் தொட்டி கல்யாணக் கூட்டம் மாதிரி வந்து போகிற சுமை இல்லை. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பது. ஸ்லாப் நாளாக நாளாகத் தொய்யும். தொய்ந்தால் ஸ்டாண்டின் மட்டம் மாறும், அப்புறம் கண்ணாடி முறுக்கு வாங்கும்.

அதனால் கேள்வி ஒன்றே ஒன்று: தொட்டிக்கு அடியில் பீம் ஓடுகிறதா? சுவர் இருப்பதால் அடியில் பீம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது கட்டுகிற அடுக்குமாடிகளில் பாதிச் சுவர் வெறும் தடுப்புச் சுவர். பால்கனிப் பக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. பால்கனியிலேயே வைப்பதாக இருந்தால் பேச்சே கிடையாது.

உப்புத்தண்ணி (காக்ஸ் டவுன்)

14 வருடமாகக் கடல் தொட்டி வைத்திருக்கிறேன். தரைத்தளம், அதனால் எடைக் கவலை எனக்கு இல்லை. வைக்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் ரிம்லெஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

சட்டம் வைத்த தொட்டியில் மேல்விளிம்பு வெளியே வளையாமல் சட்டம் பிடித்துக்கொள்கிறது. ரிம்லெஸ்ஸில் அந்த வேலை முழுவதும் கண்ணாடித் தடிமனுக்கும் சிலிக்கானுக்கும் போகிறது. என் முதல் ரிம்லெஸ்ஸின் பின்மூலையில், சிலிக்கான் கோட்டுக்குள் மிளகளவு ஒரு காற்றுக் குமிழி இருந்தது. செய்து தந்தவர் "அழகுக்குறைதான், பலக்குறை இல்லை" என்றார். நானும் நம்பினேன். எட்டாவது மாதம் அந்தக் குமிழிக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. துடைத்தால் அடுத்த நாள் மறுபடி அங்கேயே. உப்பு. தண்ணீர் சொட்டாகக்கூட வரவில்லை, கசிந்து காய்ந்து உப்பாக நின்றது. அன்றைக்கே 300 லிட்டரையும் டிரம்மில் இறக்கினேன். ஒரு வாரம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

அதனால் மூலை நான்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள், குமிழி இருந்தால் எடுக்காதீர்கள். ஸ்டாண்ட் வந்ததும் நான்கு மூலையிலும் ரசமட்டம் வையுங்கள். வெறும் குழாய்த் தண்ணீர் நிரப்பி இரண்டு வாரம் விடுங்கள், தினமும் விளிம்பில் நூல் கட்டி வளைவு கூடுகிறதா பாருங்கள்.

உயரத்தையும் குறையுங்கள். தண்ணீர் கண்ணாடியைத் தள்ளுகிற விசை ஆழத்தின் வர்க்கத்தில் ஏறும். நீங்கள் சொன்ன அளவில், 55 செ.மீ. தண்ணீர் நின்றால், நீளக் கண்ணாடி ஒன்றின் மேல் மட்டும் ஏறத்தாழ 280 கிலோ. நான்கடி நீளம், 45 செ.மீ. தண்ணீர் என்று வைத்தால் அதே கண்ணாடிக்கு 125 கிலோதான். அகலத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால் உயரத்தில் குறைத்து அகலத்தில் கூட்டுங்கள்.

இன்னொன்று, திறந்த தொட்டி என்றால் மீன் குதிக்கும். ஃபயர்ஃபிஷ், ராஸ் இரண்டும் நிச்சயம் குதிக்கும். ஸ்டாண்டுக்குப் பின்னால் காய்ந்து கருவாடாகக் கிடந்ததை எடுத்த கை இது. மெல்லிய வலை போட்டே ஆக வேண்டும். மேலே எதுவும் மறைக்கக் கூடாது என்ற உங்கள் ஆசை அங்கே பாதி போய்விடும்.

தண்ணீர்லாரி (மகாதேவபுரா)

நான் எங்கள் குடியிருப்பில் தண்ணீர்ப் பொறுப்பைப் பார்க்கிறேன். 2024 மார்ச்சை மறந்துவிட்டீர்களா? போர்வெல் வற்றி, லாரிக்குக் காத்திருந்து, கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த மாதம்.

கடல் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, ஆர்ஓ, அதற்கு மேல் மீதி உப்பைப் பிசினால் எடுக்கும் டிஐ வடிகட்டியும் வேண்டும். சாதாரண ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டரைக் கழிவாக விடும். சம்ப்போடு சேர்த்து 650 லிட்டர் நிரப்ப 2,000 லிட்டர் கழிவு. அதோடு முடியவில்லை. திறந்த தொட்டியில் நாளுக்கு எட்டு லிட்டராவது ஆவியாகும், வாரம் பத்துச் சதவீதம் தண்ணீர் மாற்ற வேண்டும். மாதம் 500 லிட்டர் நல்ல தண்ணீர், 1,500 லிட்டர் கழிவு. சின்ன லாரி 6,000 லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரு வீட்டு மீனுக்கு. உங்கள் மாடியில் குழந்தை இருக்கும் வீடுகள் எத்தனை? அவர்களிடம் என்ன சொல்வீர்கள்?

ஏழாம்மாடி

சார், கேள்வி நியாயமானது. 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறந்த பிறகு எங்கள் பகுதி மாறிவிடும் என்று நம்பினேன், ஆனால் எங்கள் குடியிருப்பு இன்னும் பாதி நாள் போர்வெல்லை நம்பித்தான் ஓடுகிறது. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 900க்கு மேல். கழிவை டிரம்மில் பிடித்து வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்வேன்.

உப்புத்தண்ணி

கழிவைப் பிடிப்பது நடக்கிற காரியம்தான், எங்கள் வீட்டில் அப்படித்தான். ஆர்ஓவுக்கு முன்னால் அழுத்த மோட்டார் வைத்தால் கழிவும் குறையும். ஆனால் 900 டிடிஎஸ் போர்வெல்லில் ஆர்ஓவின் மெம்பிரேன் (வடிகட்டும் சவ்வு) சீக்கிரம் போய்விடும், டிஐ பிசின் அதைவிடச் சீக்கிரம். லாரிக்காரர் சொல்வதில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். அவ்வளவு பெரிய தொட்டி அந்தத் தண்ணீருக்கு ஏற்றதில்லை.

முத்துக்குளி (கே.ஆர். புரம், சொந்த ஊர் தூத்துக்குடி)

எடையும் தண்ணீரும் பேசியாயிற்று. அந்தத் தொட்டிக்குள் போகப்போவதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை.

மான்கொம்புப் பவளம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் கடலுக்குள் இருக்கிற பவளத்திட்டை "பார்" என்போம். என் தாத்தா சங்கு குளித்தவர். அவர் காலத்தில் வள்ளம் வள்ளமாகப் பாரை உடைத்துக் கொண்டுவந்து காளவாயில் போட்டுச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள். எங்கள் பழைய வீட்டுச் சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் கை வைத்தால் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் குழியாக இருக்கும். அது பவளக்கல். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைத் தொட்டவர்களுக்கும் அது தெரியும். மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், இன்று தண்ணீருக்கு அடியில். அலையைத் தடுக்கிற பாரை உடைத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த ஊர்க்காரி நான். நீங்கள் ஏழாவது மாடியில் சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டவிட்டு அதே பவளத்தை வளர்க்கப்போவதாகச் சொல்கிறீர்கள். வளர்ப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் முதல் துண்டு எங்கிருந்து வரும்?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் மான்கொம்பு உட்பட எல்லாக் கல்பவளங்களையும் சேர்த்தார்கள். கடல்விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், எல்லா வகைக் கடற்குதிரையும் அப்போது சேர்த்தவைதான். புலியும் அதே அட்டவணைதான். குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு சிறை. வெளிநாட்டு வீடியோவில் பார்ப்பதை இங்கே அப்படியே செய்ய முடியாது. தொட்டிக்குள் அடுக்க லைவ் ராக் என்று விற்கும் பாறையும் பெரும்பாலும் பழைய பவள எலும்புக்கூடுதான்.

உப்புத்தண்ணி

தங்கச்சி சொல்வது முழுக்கச் சரி, நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். என் தொட்டியில் கல்பவளம் கிடையாது. காளான் பவளம், தோல் பவளம், ஜோவாந்தஸ், இவ்வளவுதான். இவற்றுக்குக் கல் எலும்புக்கூடு கிடையாது, பொதுவாக மென்பவளம் என்போம், அந்த அட்டவணையில் இல்லை. இவற்றுக்குச் சுண்ணாம்புத் தண்ணீரும் தேவையில்லை, வாரம் மாற்றும் உப்புத் தண்ணீரே போதும். பாறைக்கு சிமென்ட்டில் வார்த்ததைப் பல வாரம் தண்ணீரில் ஊறவைத்து, காரம் இறங்கிய பிறகு வைத்தேன். ஜோவாந்தஸ்ஸைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அது ஒட்டிய பாறையை ஒருபோதும் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள். அதில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கலாம், ஆவியை மூச்சில் இழுத்தால் ஆஸ்பத்திரிதான்.

ஆனால் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மீன் விஷயத்தில் மட்டும் பதில் சொல்ல வேண்டும். கோமாளி மீனைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே செய்து காட்டியிருக்கிறது. என் ஜோடியும் பண்ணையில் பிறந்ததுதான். பாறைக்குப் பக்கத்தில் நிறுத்திய ஒரு பூந்தொட்டி ஓட்டில் முட்டை வைக்கும். முதல் நாள் கேசரி நிறம். ஆண் மீன் நாள் முழுவதும் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், செத்த முட்டையை வாயால் எடுத்துவிடும். ஏழாம் நாள் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண் தெரியும். அன்று விளக்கு அணைந்த பிறகு பொரிந்துவிடும். கடலிலிருந்து ஒரு மீனும் எடுக்காமல் இதை ஒரு பிள்ளைக்குக் காட்ட முடிகிறது. அதற்கு மதிப்பு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

முத்துக்குளி

அண்ணா, அதை நான் மறுக்கவில்லை. பண்ணைக் கோமாளி மீனுக்கு என் எதிர்ப்பு இல்லை. ஆனால் ஆறடித் தொட்டியில் இரண்டு கோமாளி மீனோடு யாரும் நிறுத்துவதில்லை. அடுத்து டாங் வேண்டும், ஏஞ்சல் வேண்டும் என்று போகும். அவை பெரும்பாலும் கடலில் பிடித்தவை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் சயனைடு அடித்து மயக்கிப் பிடிக்கிற வழக்கம் ஊரறிந்தது. மயங்கிய மீன் மட்டும் பைக்குள் வரும், அதைச் சுற்றியிருந்த பார் செத்துப்போகும். தொட்டி பெரிதாக இருப்பதுதான் அந்த ஆசையைத் தூண்டுகிறது. பவளம் வளர்ப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடியில் கான்கிரீட் சட்டத்தில் துண்டுகளைக் கட்டிக் கடலுக்குள்ளேயே வளர்க்கிறார்கள். அந்த வேலைக்குக் கைகொடுங்கள்.

தண்ணீர்லாரி

மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்கு, மோட்டார்கள், ஏப்ரலில் சில்லர் எல்லாம் சேர்ந்தால் மாதம் 250 யூனிட்டுக்குக் குறையாது. கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் இருப்பவர் என்றால் 200 யூனிட்டைத் தாண்டியதும் முழுப் பில்லும் உங்கள் தலையில்.

உப்புத்தண்ணி

மின்தடைதான் அதைவிடப் பெரிய பயம். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் கடற்கரை ஊரைவிடச் சுமார் பத்துச் சதவீதம் குறைவு. அலை எழுப்பும் மோட்டார் ஒன்றையாவது இன்வெர்ட்டரில் போடுங்கள். சம்ப்பிலிருந்து மேலே ஏற்றும் மோட்டார் நின்றதும் குழாயில் இருக்கிற தண்ணீர் கீழே சம்ப்புக்கு இறங்கும், அதற்குச் சம்ப்பில் இடம் விடாவிட்டால் ஆறாவது மாடிக்காரர் கதவைத் தட்டுவார்.

ஏழாம்மாடி

நான்கு நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆறடித் திட்டத்தைக் கைவிடுகிறேன். நான்கடி நீளம், இரண்டடி அகலம், 20 அங்குல உயரம், 15 மி.மீ. கண்ணாடி. உள்ளே 310 லிட்டர்தான். ரிம்லெஸ் வேண்டும் என்பதை மட்டும் விட மனம் வரவில்லை, வலையோடு வைத்துக்கொள்கிறேன். மான்கொம்பு கிடையாது, சுண்ணாம்புத் தண்ணீர் கிடையாது. மென்பவளம், சிமென்ட் பாறை, பண்ணையில் பிறந்த மீன் மட்டும். பால்கனிப் பக்கத்தை விட்டு உள்சுவருக்கு மாற்றுகிறேன். பில்டரிடம் பீம் வரைபடம் கேட்டிருக்கிறேன்.

முத்துக்குளி

மான்கொம்பை விட்டதற்கு நன்றி. நான்கடிக்கும் என் ஓட்டு இல்லை. மீன் வாங்கும்போது எந்தப் பண்ணை என்று கேளுங்கள், கடைக்காரர் சொல்லத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

கட்டடக்கணக்கு

பீம் வரைபடத்தோடு ஸ்லாப் தடிமனும் கம்பி விவரமும் கேட்டு வாங்குங்கள். போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் என்றால் ஸ்டாண்டைத் தரையில் போல்ட் அடித்து இறுக்காதீர்கள், உள்ளே இழுத்துக் கட்டிய கேபிள் ஓடும். வரைபடம் வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.