வழக்கில் வென்றும் கிடைக்காத செலவுக் காசை இயக்குநரிடமே வாங்கிய அனுபவம்

லண்டனில் உணவகச் சமையலறைகளுக்கு ஸ்டீல் மேசை, புகைபோக்கி எல்லாம் பொருத்திக் கொடுப்பது என் தொழில். நான் செய்த வேலை சரியில்லை என்று ஒரு உணவகக் கம்பனி 70,000 பவுண்ஸ் கேட்டு என்மேல் வழக்குப் போட்டது. இரண்டு வருடம் இழுத்து, கடைசியில் தோற்றார்கள். என் வழக்குச் செலவில் 41,000 பவுண்ஸைக் கம்பனி கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

அப்புறம்தான் தெரிந்தது, கம்பனியில் சல்லிக்காசு இல்லை. வழக்கு நடக்கும்போதே உணவகத்தைப் புதுக் கம்பனியின் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். அதே கடை, அதே சமையல்காரர். பங்கு முழுவதும் ஒரே ஆளுடையது, இயக்குநரும் அவர்தான். "கம்பனி வேறு, நான் வேறு" என்றார். 1897 சாலமன் வழக்கிலிருந்து சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

என் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) 1981 சீனியர் கோர்ட்ஸ் சட்டத்தின் 51ஆம் பிரிவைக் காட்டினார். செலவை யார் கட்டுவது என்று முடிவுசெய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. அந்த ஆள் வழக்கில் கட்சிக்காரராக இல்லாதவராகவும் இருக்கலாம் என்று 1986இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருக்கிறது. சரி என்று, செலவு விஷயத்துக்கு மட்டும் அவரை வழக்கில் சேர்க்க மனுப் போட்டோம்.

கம்பனியின் வக்கீல் பீஸ் முழுவதும் அந்த இயக்குநரின் சொந்தக் கணக்கிலிருந்து போயிருந்தது. கம்பனிக்குக் கடன் கொடுத்தவர்கள் வேறு யாரும் இல்லை, வியாபாரமும் இல்லை. வென்றிருந்தால் காசு நேராக அவர் கைக்குத்தான் போயிருக்கும். உண்மையான கட்சிக்காரர் அவர்தான் என்று நீதிபதி சொன்னார்.

அதைவிட உதவியது ஒரு கடிதம். வழக்குத் தொடங்கி நாலு மாதத்திலேயே, "கம்பனியால் கட்ட முடியாவிட்டால் உங்களிடம் நேரடியாகக் கேட்போம்" என்று சொலிசிட்டர் அவருக்கு எழுதியிருந்தார். வீண் செலவு என்று நான் அப்போது கோபப்பட்டேன். விசாரணையில் நீதிபதி முதலில் கேட்டதே, அவரை எப்போது எச்சரித்தீர்கள் என்பதைத்தான். வழக்கு உள்ளவர்கள் தயவுசெய்து அந்தக் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

* * *

அண்ணா, எங்களுக்கு நடந்தது இதற்கு நேரெதிர். என் கணவரின் கம்பனி வழக்குப் போட்டுத் தோற்றது. எதிர்த்தரப்பு அவரைத் தனிப்பட்ட முறையில் கட்டச் சொல்லி மனுப் போட்டது. ஆறு வாரம் எங்களுக்குத் தூக்கமே இல்லை, வீடு போய்விடுமோ என்ற பயம்.

ஆனால் எங்கள் கம்பனி நடந்துகொண்டிருந்தது. வென்றிருந்தால் வங்கிக்கும் சப்ளையர்களுக்கும்தான் முதலில் காசு போயிருக்கும். 2021 கோக்னூர் வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பை எங்கள் வக்கீல் காட்டினார். இயக்குநர், பங்குதாரர், வழக்கை நடத்தியவர் என்பது மட்டும் போதாது. சொந்த லாபத்துக்காக நடத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய அளவில் முறைகேடோ கெட்ட எண்ணமோ இருக்க வேண்டும். மனு தள்ளுபடியானது. கம்பனிக்காக நேர்மையாகப் போராடுகிறவரைக் காப்பாற்றத்தான் வேண்டும் அண்ணா.

இன்னொன்று, வழக்குப் போடும் கம்பனியிடம் காசு இல்லை என்று சந்தேகம் வந்தால், செலவுக்கு முன்கூட்டியே பிணை கட்டச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

* * *

தங்கச்சி, அந்தப் பிணை விஷயம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் முதல் மாதமே கேட்டிருப்பேன். இப்போது அவர் தவணையாகக் கட்டுகிறார், இன்னும் ஏழு பாக்கி.